குதிரை நொண்டினால்: முதலில் கால், அப்புறம் லாடம்

லாயக் கதவைத் திறக்கிறீர்கள். நேற்று மாலை வரை ஓடியாடிக்கொண்டிருந்த குதிரை ஒரு முன்னங்காலை ஊன்றாமல், குளம்பு நுனி மட்டும் தரையில் பட நிற்கிறது. ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னால் தலையைத் தூக்கித் தூக்கி விந்துகிறது. புதிதாகக் குதிரை வைத்திருப்பவருக்கு வயிறு கலங்கிவிடும். எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. இப்படித் திடீரென்று காலே ஊன்ற முடியாதபடி வருகிற நொண்டலுக்கு அடிக்கடி காரணமாக இருப்பது குளம்புக்குள் கட்டிய சீழ். அது வடிந்துவிட்டால் ஓரிரு நாளில் குதிரை நடக்க ஆரம்பிக்கும். இதற்கு நேர்மாறாக, பார்த்தும் பார்க்காததுமாகத் தெரிகிற ஒரு சின்ன விந்தல், தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணின் கிழிசலாக இருந்து ஒரு வருடம் இழுத்தடிக்கும். ஆகவே பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. எங்கள் செம்பழுப்புப் பெட்டை ஒரு நாள் வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. தோளில் பிடிப்பு என்று நானே தீர்மானித்து, நான்கு நாள் தோளில் தைலம் தேய்த்தேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. வைத்தியம் பலிக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. ஐந்தாம் நாள், மயிரும் குளம்பும் சேருகிற கோட்டில், பக்கவாட்டில், சாம்பல் நிறச் சீழ் உடைத்துக்கொண்டு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. தோளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் இருக்கிறது. குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அடி வாங்குவதும் அவைதான். தோளைச் சந்தேகப்படும் முன் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். லாடம் அடிக்கலாமா, வெறுங்காலாகவே விடலாமா என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதை இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே பின்னால் தள்ளியிருக்கிறேன். வலி எங்கே என்று தெரியாமல் லாடத்தைப் பற்றி முடிவெடுப்பது, தலைவலியா பல்வலியா என்று தெரியாமல் கண்ணாடி வாங்கப் போவது மாதிரி.

படி 1: நடக்க விடாதீர்கள், நிற்பதைப் பாருங்கள்

எடுத்த எடுப்பிலேயே குதிரையை இழுத்துக்கொண்டு நாலு சுற்று நடத்திப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். உள்ளே விரிசல் விட்ட எலும்பாக இருந்தால் அந்த நாலு சுற்றில் முழுதாக முறிந்துவிடலாம். இரண்டு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்.

குதிரை பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வெடுப்பது சகஜம். சிறிது நேரத்தில் கால் மாற்றிக்கொள்ளும். முன்னங்கால் அப்படியல்ல. ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு நின்றால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது. இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, உடம்பைப் பின்னே சாய்த்து, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து நிற்கிறதா? அது லேமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி நோயின் நிலை. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம் உடல்சூட்டையும் நாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, உடல்சூடு ஏறக்குறைய 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அசையாமல் நிற்கிற குதிரைக்குத் துடிப்பு 60ஐத் தாண்டினால் வலி கடுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இவை இரண்டும் இருக்கும்.

சில சந்தர்ப்பங்களில் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காலை அறவே ஊன்றவில்லை. கால் இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. மூட்டருகே காயம் பட்டு, அதிலிருந்து வெளிர்மஞ்சளாக, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பான நீர் கசிகிறது. குளம்பில் ஆணி ஏறியிருக்கிறது. நொண்டலோடு காய்ச்சலும் இருக்கிறது. மூட்டுக் காயம் பார்க்க ஒரு கீறல் போலத்தான் இருக்கும், ஆனால் மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. அங்கே ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய தாமதம்.

படி 2: குளம்பைத் தூக்குங்கள், நாடியைத் தேடுங்கள்

குளம்புக் கொக்கியால் சேறு, சாணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல அமுங்குகிற பகுதிக்கு ஃப்ராக் என்று பெயர். அதன் இருபுறமும் பள்ளம். சுற்றிலும் கடினமான சுவர். சுவருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஓடுகிற மெல்லிய வளையத்துக்கு வெள்ளைக்கோடு என்று பேர், உண்மையில் அது மஞ்சளாக இருக்கும். கல் மாட்டியிருக்கிறதா, ஆணித் துவாரம் உண்டா, வெள்ளைக்கோட்டில் கறுப்பாக ஒரு கீற்று உள்ளே போகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஃப்ராக் பள்ளத்தில் கறுப்பாகக் குழகுழவென்று ஏதாவது வந்து, கொக்கியை மூக்கருகே கொண்டுபோக முடியாத நாற்றம் அடித்தால் அது த்ரஷ் என்கிற அழுகல். ஈரமும் சாணமும் சேர்ந்த தரை அதற்குத் தோதான இடம். த்ரஷ் மட்டும் இருந்தால் குதிரை பெரும்பாலும் நொண்டாது. நொண்டினால் அழுகல் ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது காரணம் வேறு.

ஆணி இன்னும் குத்தியபடியே இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஃப்ராக் பகுதிக்கு மேலே, உள்ளே, ஒரு தசைநாணும் மூட்டும் நீர்ப்பையும் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. ஆணி எதுவரை போயிருக்கிறது என்பதை, அது இருக்கும்போது எடுக்கிற எக்ஸ்ரே ஒன்றுதான் சரியாகக் காட்டும். குளம்பைச் சுற்றித் தடிப்பாகத் துணி கட்டி, ஆணி மேலும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொண்டு மருத்துவருக்குக் காத்திருங்கள். குதிரை அசைந்து ஆணியை மிதித்துவிடும் என்ற நிலைமை இருந்தால் மட்டும் எடுக்கலாம். எடுப்பதற்கு முன் ஒரு புகைப்படம், எடுத்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம். ஆணியைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். டெட்டனஸுக்குக் குதிரை அளவுக்கு எளிதில் பலியாகிற பிராணி குறைவு.

இப்போது நாடி. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். குளம்புக்கு மேலே உள்ள கணுமூட்டின் பின்பக்க ஓரத்தில், உள்பக்கமும் வெளிப்பக்கமும், தோலுக்கடியில் பென்சில் பருமனில் ஓர் இரத்தநாளக் கட்டு ஓடும். இரண்டு விரலை அதன்மேல் வைத்து லேசாக உருட்டிப் பாருங்கள். அழுத்தினால் நாடி அமுங்கி மறைந்துவிடும், தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். நலமான குதிரையிடம் இந்தத் துடிப்பு கிடைப்பதே கஷ்டம். கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், அது நல்ல செய்தி. குளம்புக்குள் அழற்சி இருந்தால் தேடவே வேண்டாம், விரலைத் தூக்கித் தூக்கி அடிக்கும்.

ஒரு காலில் மட்டும் அப்படி அடித்தால் சீழ், காயம், கல் பட்ட கன்றல் போன்றவற்றைச் சந்தேகப்படலாம். இரண்டு முன்னங்கால்களிலும் அடித்தால் லேமினைட்டிஸ் நினைவுக்கு வர வேண்டும். குளம்பின் சூட்டையும் புறங்கையால் தொட்டு நான்கு கால்களையும் ஒப்பிடுங்கள், ஆனால் சூட்டை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நின்ற கறுப்புக் குளம்பு எப்போதுமே சுடும். குதிரை நலமாக இருக்கும்போதே தினமும் ஒரு முறை நாடியைத் தொட்டுப் பழகிவிடுங்கள். ஒரு மாதத்தில் விரலுக்கே பழகிப் போகும்.

படி 3: எந்தக் கால் என்று கண்டுபிடிப்பது

காலை ஊன்றி நடக்கிற குதிரையிடம் மட்டும் இந்தப் படி. ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சமமான கெட்டித் தரையில் நேர்கோட்டில் முதலில் நடையிலும் பிறகு ட்ராட்டிலும் கூட்டிப் போகட்டும். ட்ராட் என்பது மூலைக்கு மூலை இரண்டிரண்டு காலாகப் போகிற ஓட்டநடை. நொண்டல் அதில்தான் தெளிவாகத் தெரியும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை அசையாது, எதுவும் தெரியாது.

முன்னங்கால் என்றால் தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பெலும்பு இரண்டையும் பாருங்கள். நொண்டுகிற பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இடுப்பின் இருபுறமும் பக்கத்துக்கொரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிட்டு, கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குச் சிக்காதது சிக்கும்.

இதில் ஒரு வழுக்கு இருக்கிறது. இடது பின்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் படும்போது குதிரை எடையை முன்னே தள்ளும், தலை இறங்கும். அதே நேரத்தில் தரையில் படுவது வலது முன்னங்கால். பார்க்கிறவருக்கு இடது முன்னங்காலில் நொண்டல் மாதிரி தோன்றும். ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் நொண்டுவது போல இருந்தால் பின்னங்காலை முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு முன்னங்கால்களிலும் சமமாக வலி இருந்தாலோ தலை ஆடவே ஆடாது. அடி மட்டும் குறுகிப்போகும். கற்கள் கிடக்கிற தரையில் கண்ணாடிச் சில்லுமேல் நடப்பது போல நடக்கும், திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். இந்தக் குதிரைக்குத்தான் சோம்பேறி, வேலைக்கள்ளன் என்றெல்லாம் பட்டம் கிடைக்கும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று பழமொழி. அது மனிதர்களுக்காகச் சொன்னது. வேட்டையாடப்படும் பிராணிகளின் வம்சத்தில் வந்த குதிரை வலியை மறைக்கத்தான் பார்க்கும்.

வட்டத்தில் ஓட்டினால் பெரும்பாலும் உள்பக்கத்துக் கால் வலி கூடுதலாகத் தெரியும். கெட்டித் தரையில் மோசமானால் குளம்பு, எலும்பு, மூட்டு. மணல் போன்ற இளகிய தரையில் மோசமானால் தசைநாண், அல்லது எலும்பை எலும்போடு கட்டுகிற தசைநார் என்று ஒரு பொது விதி உண்டு. விதிவிலக்கும் நிறைய உண்டு.

அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கம் வகுத்த 0 முதல் 5 வரையிலான அளவுகோலைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். 0 என்றால் நொண்டல் இல்லை. 3 என்றால் ட்ராட்டில் எப்போதும் தெரிகிறது. 4 என்றால் சாதாரண நடையிலேயே தெரிகிறது. 5 என்றால் காலில் எடையே போடவில்லை. 1ம் 2ம் அனுபவமுள்ளவர்களே சண்டை போட்டுக்கொள்கிற எல்லை, அங்கே நீங்கள் குழம்பினால் வருத்தப்பட வேண்டாம். வீடியோவும் இந்த எண்ணும் இருந்தால் மருத்துவரிடம் பேசுவது சுலபம்.

படி 4: மருத்துவர் வரும்வரை

லாயத்தில் தடிப்பாகப் படுக்கை போட்டு, தண்ணீரும் வைக்கோலோ புல்லோ வைத்து, தானியத்தை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு குதிரை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பதற்றம் குறையும்.

வலிமாத்திரை கையில் இருக்கும். பியூட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஃபீனைல்பியூட்டஸோன் பல லாயங்களில் ஊறுகாய் மாதிரி அலமாரியில் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலி மறைந்துவிட்டால் அவர் வந்து எதைச் சோதிப்பார்? ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் அளவோடு சொல்லுங்கள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வலிமருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

அவர் வந்ததும் குளம்புக் கிடுக்கியால் அடித்தட்டை இடம் இடமாக அமுக்கிப் பார்ப்பார். மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட விடுவார். தேவைப்பட்டால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியாக மரத்துப்போகும் ஊசி போடுவார். எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் போகிறதோ அங்கேதான் வலி. அதற்கப்புறம்தான் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ. எடுத்த எடுப்பில் எக்ஸ்ரே எடுங்கள் என்று வற்புறுத்துபவர்கள் உண்டு. வலி எங்கே என்று தெரியாமல் எடுத்த படத்தில் ஏதாவது ஒரு பழைய தழும்பு தெரியும், அதையே பிடித்துக்கொண்டு எல்லோரும் தொங்குவார்கள்.

படி 5: அடிக்கடி வருகிற இரண்டு

சீழ் கட்டியிருந்தால் மருத்துவரோ லாடம் அடிப்பவரோ வெள்ளைக்கோட்டருகே சின்னதாக ஒரு துவாரம் போட்டு வடிய விடுவார். சின்னதாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ரூபாய் நாணயம் அளவுக்குக் குடைந்தால் சீழ் ஆறினாலும் அந்தக் குழி ஆற மாதங்கள் ஆகும். பிறகு நாள்தோறும் 15, 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கரைத்துக் குளம்பை வைத்திருக்கச் சொல்வார்கள். மூன்று நாளுக்கு மேல் ஊறவைத்துக்கொண்டே இருக்காதீர்கள், குளம்பு ஊறிப்போய்விடும்.

கட்டுப் போடுவதுதான் முதல் தடவை அழ வைக்கிறது. எனக்குப் பழகின முறை இது. ஒட்டுநாடாவைச் சுவரிலோ கதவிலோ ஓரத்துக்கு ஓரம் ஏறுகிற மாதிரி எட்டுப் பத்து வரிசை ஒட்டுங்கள், ஒரு முழம் நீளச் சதுரம் வரும்படி. அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு. அப்படியே உரித்தால் ஒரு கெட்டியான தட்டு கிடைக்கும். நான்கு மூலையிலும் உள்நோக்கிக் கத்தரியால் ஒரு வெட்டு. குளம்பைத் தூக்கி, மருந்து வைத்த பஞ்சை அடியில் வைத்து, குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர் ஒன்றைச் சுற்றி, அதன் மேல் ஒட்டும் பாண்டேஜ், அதற்கு மேல் இந்தத் தட்டை வைத்து மூலைகளை மடித்து ஒட்டுங்கள். இதை எல்லாம் குதிரையைக் குனிந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினால் அது காலை உதறிவிடும். முன்கூட்டியே செய்து கதவில் தயாராகத் தொங்கவிட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒட்டுநாடா மயிர்க்கோட்டுக்கு மேலே ஏறி இறுக்கக் கூடாது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் புதிய புண் வரும்.

வடிந்த ஒன்றிரண்டு நாளில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள், உள்ளே எலும்பைத் தொட்டிருக்கலாம். மயிர்க்கோட்டில் தானாக உடைத்துக்கொண்டால் அங்கே குறுக்கு வாட்டில் ஒரு பிளவு வரும். பயப்பட வேண்டாம், குளம்பு வளர வளர அது கீழே இறங்கும்.

லேமினைட்டிஸ் வேறு ஜாதி. குளம்புச் சுவருக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எலும்பைத் தொங்கவிட்டிருக்கின்றன. அவை அழற்சியால் தளர்ந்தால் எலும்பு சாயும் அல்லது இறங்கும். தானியக் கிடங்குக்குள் புகுந்து வயிறு முட்டத் தின்றது, குட்டி போட்ட பின் நஞ்சுக்கொடி தங்கியது, கழுத்து மேட்டில் கொழுப்பு திரண்ட பருமனான குதிரைக்கு இன்சுலின் கோளாறு, வயதான குதிரைக்கு பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு, ஒரு கால் உடைந்து மற்ற கால் மாதக்கணக்கில் எடை தாங்கியது என்று காரணங்கள் பல.

மருத்துவர் வரும்வரை செய்யக்கூடியது, கணுமூட்டுக்கு மேல்வரை பனிக்கட்டியும் நீரும் கலந்து விடாமல் குளிரூட்டுவது. ஆரம்ப 2, 3 நாட்களில் இது நிஜமாகவே பலன் தருகிறது. 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுவதால் பயனில்லை. நடத்தாதீர்கள். நடந்தால் இரத்த ஓட்டம் சரியாகும் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தளர்ந்த இதழ்கள் ஒவ்வொரு அடிக்கும் கிழியும். பருமனான குதிரை என்று பட்டினியும் போடாதீர்கள், கொழுப்பு இரத்தத்தில் கலந்து வேறு ஆபத்து வரும். வைக்கோல் வகைத் தீவனத்தை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை கரைந்த அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

படி 6: இப்போது லாடம்

நோய் எது என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பேச்சு. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. லாடம் குளம்பைக் கொல்லும் என்று ஒரு கட்சி. வேலை செய்கிற குதிரைக்கு லாடம் இல்லாமல் முடியுமா என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரிடமும் ஒரே குதிரையை ஒரே வாரத்தில் காட்டியிருக்கிறேன். ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் குதிரை நடப்பதைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஆகவே முதலில் குளம்பு தரையில் எப்படிப் படுகிறது என்று பாருங்கள். கெட்டித் தரையில், பக்கவாட்டிலிருந்து, தரைமட்டத்தில் கைபேசியை வைத்து மெதுவோட்ட வீடியோ. குதிகால் முதலில் பட வேண்டும், அல்லது முழுத்தளமும் ஒன்றாகப் பட வேண்டும். நுனி முதலில் பட்டால் குதிகால் பக்கம் வலி இருக்கலாம். த்ரஷாக இருக்கலாம், குளம்புக்குள் குதிகால் பக்கம் இருக்கிற நாவிக்குலர் என்ற சின்ன எலும்பின் பக்கக் கோளாறாக இருக்கலாம். பிறகு எக்ஸ்ரேயில் அடித்தட்டின் தடிமன். 15 மில்லிமீட்டர் இருந்தால் தைரியமாக வெறுங்காலைப் பற்றி யோசிக்கலாம். 10க்கும் கீழே என்றால் கற்கள் கிடக்கிற தரையில் பாதுகாப்பு இல்லாமல் விடுவது கொடுமை. மூன்றாவது, தேய்மானம். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். வளர்வதைவிட வேகமாகத் தரை தேய்த்துவிட்டால் ஏதாவது ஒரு கவசம் வேண்டும். நான்காவது, உங்கள் லாடம் அடிப்பவர் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வர முடியும் என்பது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பல தீர்மானங்கள் இதில்தான் கவிழ்கின்றன. லாடம் அடித்த குளம்பு தேயாது, வளர்ந்துகொண்டே போகும். நுனி நீள நீளப் பின்பக்கத் தசைநாண் மேல் இழுப்பு கூடும். 6 வாரத்துக்கு ஒரு முறை பிரித்து, சீவி, மறுபடி அடிக்க ஆள் இல்லை என்றால், 12 வாரம் பழைய லாடத்தோடு விடுவதைவிட வெறுங்காலே மேல்.

லாடத்தைக் கழற்றிவிட்டால் அதுவே வெறுங்கால் பராமரிப்பு ஆகிவிடாது. கழற்றின உடனே குதிரை கால் கூசிக் கூசி நடக்கும். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை அப்படி இருக்கலாம். வேலை குறைவான பருவத்தில், மெத்தென்ற தரையில் விட்டு, வெளியே கூட்டிப்போக ரப்பர் பூட்ஸ் போடலாம். பூட்ஸுக்கு அளவெடுப்பது குளம்பு சீவிய அன்றைக்கே. 4 வாரம் வளர்ந்த குளம்பில் எடுத்த அளவு அடுத்த சீவலுக்கு அப்புறம் தொளதொளக்கும். போட்ட முதல் நாட்களில் குதிகால் தோல் உரசிப் புண்ணாகிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

லாடம்தான் என்று முடிவானால், அடித்த பிறகு நீங்கள் பார்க்க வேண்டியவை: பக்கத்திலிருந்து பார்த்தால் குளம்பின் முன்சுவரும் மேலே உள்ள கணுவும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா, லாடத்தின் பின்முனைகள் குதிகாலுக்கு முழுதாகத் தாங்கல் கொடுக்கின்றனவா, ஆணிகள் குளம்பின் அகலமான இடத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டனவா. பின்பக்கம் விரிந்து சுருங்க இடம் வேண்டும். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டினால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆணி உயிருள்ள பகுதியை நெருக்குகிறது என்று பொருள். அந்த ஆணியை எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும். சூட்டோடு நாடி அடித்தால் கிருமி போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லேமினைட்டிஸ், நாவிக்குலர் போன்றவற்றுக்குச் சிறப்பு லாடங்கள் உண்டு. அவற்றை நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டாம். மருத்துவரையும் லாடம் அடிப்பவரையும் ஒரே நாளில், ஒரே எக்ஸ்ரேயின் முன் நிற்க வையுங்கள். இருவரும் உங்கள் மூலமாகத் தூது விட்டுப் பேசினால் செய்தி திரிந்துதான் போய்ச் சேரும். கோணத்தை ஒரே தடவையில் பெரிதாக மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், எதற்காக என்று கேளுங்கள்.

குளம்புக்குச் சத்து மாவு விற்பவர்கள் வருவார்கள். பயோட்டின் என்கிற வைட்டமின் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அளவில் சில குதிரைகளுக்குப் பலன் தருகிறது, ஆனால் புதிதாக வளர்கிற குளம்பில்தான். பலன் தெரிய அரை வருடத்துக்கு மேல் ஆகும். செலீனியம் சேர்ந்த இரண்டு மூன்று பொடிகளைக் கலந்து கொடுக்காதீர்கள். அது அளவு மீறினால் குளம்பே கழன்றுவிடும்.

படி 7: காத்திருப்பது

சீழுக்கு நாள்கணக்கு, கன்றலுக்கு வாரக்கணக்கு, தசைநாணுக்கு 9 முதல் 12 மாதம். வலி குறைந்ததும் குதிரை துள்ளும், நமக்கும் சேணம் போடக் கை துறுதுறுக்கும். தசைநாண் விஷயத்தில் பெரும்பாலான மறு கிழிசல்கள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. மருத்துவர் 5 நிமிட நடை என்றால் கடிகாரம் பார்த்து 5 நிமிடம். லாயத்திலேயே நிற்கிற குதிரைக்குத் தானியத்தைக் குறைத்து, நார்த்தீவனத்தைக் கூட்டி, சாணம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். நடமாட்டம் இல்லாமல் வயிறு கட்டிக்கொள்வது உண்டு. நல்ல காலின் நாடியையும் தினமும் தொடுங்கள், எல்லாப் பாரமும் அதன் மேல்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நாடி எந்தக் காலில், நொண்டல் எண், என்ன மருந்து, கடைசியாகச் சீவியது எப்போது. 2 வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே கோணத்தில் நான்கு குளம்பின் படம். முன்சுவர் முழுதாகப் புதிதாக வளர ஒரு வருடம் பிடிக்கும். இன்றைக்குச் செய்த வேலை சரியா தப்பா என்று நாளைக்கே தெரியாது. மயிர்க்கோட்டிலிருந்து இறங்கிவரும் புதிய சுவர் பழையதைவிட இறுக்கமான கோணத்தில், வளையங்கள் சீராக வந்தால் நல்ல திசையில் போகிறீர்கள். வளையங்கள் நுனியில் நெருங்கி, குதிகாலில் விரிந்து வந்தால் பழைய லேமினைட்டிஸின் தடம் அது.

எங்கள் பெட்டையின் சீழ் உடைத்த பிளவை இப்படித்தான் மாதம் மாதம் படம் எடுத்து வந்தேன். முதலில் மயிருக்குள் ஒரு கீறல், அப்புறம் விரல் அகலம் கீழே, அப்புறம் பாதி வழி. எட்டாம் மாதம் தரைக்கு வந்துவிட்டது. லாடம் அடிப்பவர் குறடால் ஒரு கடி கடித்தார், அந்தப் பிளவோடு சேர்ந்த துண்டு கீழே விழுந்தது. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குனிவதற்குள் லாயத்து நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.